தேர்ச்சி விழுக்காடு மட்டும் அளவுகோலாகுமா?



தமிழ்ப்பள்ளியில் பயின்ற நம் பிள்ளைகள் பலர் தாதிமைக் கல்வியை நாடுகின்றனர். அத்துறையில் எழுந்த கலைத்திட்ட விவாதம் ஒன்று நமக்கும் பாடமாக அமைகிறது.

மருத்துவ அறிவு ஆண்டுதோறும் பெருகுகிறது; படிப்புக் காலமோ நீள்வதில்லை. நோய் நோயாகப் பாடங்களை அடுக்கினால் மாணவர் மனனம் செய்வாரேயன்றிச் சிந்திக்கமாட்டார். 2007-இல் அமெரிக்கக் கல்வியாளர்களான ஜீன் கிடென்சும் டெப்ரா பிரேடியும் இச்சுமைக்கு மாற்றாகக் கருத்துருசார் கலைத்திட்டத்தை வலியுறுத்தினர். 'வளிமப் பரிமாற்றம்' ஒரு கருத்துரு. ஆஸ்துமா, நிமோனியா போன்ற சில நோய்களின்வழி அதனை ஆழக் கற்ற மாணவி, பாடத்தில் காணாத நோயாளியின் மூச்சுத்திணறலையும் உணர்ந்து செயல்பட வேண்டும். இதுவே நோக்கம்.

இக்கலைத்திட்டம் வென்றதா என்பதை எவ்வாறு அறிவது? உரிமத் தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டுவது எளிது. ஆனால், இறுதி மாதங்களில் தரப்படும் தேர்வுப் பயிற்சியும் அவ்விழுக்காட்டை உயர்த்தும். சேர்க்கை விதியைக் கடுமையாக்கினாலும் அஃது உயரும். அவ்வுயர்வைக் கலைத்திட்டத்தின் வெற்றி என்பது எப்படிப் பொருந்தும்?

என் கருத்தில், முதற்கேள்வி வகுப்பறையைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். பழைய விரிவுரைக்கே புதுத் தலைப்பிட்டுக் கற்பித்தால், அங்கே மதிப்பிடப் புதிய கலைத்திட்டமே இல்லை. அடுத்து, மாணவி புதிய சூழலில் எதனை முதலில் கவனிக்கிறாள், ஏன் அவ்வாறு முடிவெடுக்கிறாள் என்று காண வேண்டும். அமெரிக்க உரிமத் தேர்வே 2023 ஏப்ரல் முதல் இத்தகைய தீர்மானத் திறனை நோயாளர் நிகழ்வாய்வுகள்வழி சோதிக்கிறது.

அதற்காக மனனம் வேண்டா என்பதன்று. மருந்தளவைத் தவறாகக் கணக்கிடும் தாதியை எந்தக் கருத்துருவும் காப்பாற்றாது. உறுதியான தகவல் இன்றிக் கருத்துரு வெறும் சொல்லாகிவிடும். எனவே மதிப்பீடு இரண்டையும் அளக்க வேண்டும்.

நம் நாட்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆயினும், "எத்தனை ஏ?" என்னும் கேள்வி நம் மனத்தினின்று நீங்கியதா? பெற்றோர்களே, பிள்ளை இதுவரை படித்திராத ஒரு பத்தியை அவனிடம் கொடுத்து, விளங்கியதைத் தன் சொற்களில் கூறச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, வகுப்பறை மதிப்பீட்டில் நிலைகளைக் குறிக்குமுன் அதையே செய்து பாருங்கள்.

தாதியின் கல்வி நோயாளியின் படுக்கையருகே சோதிக்கப்படுகிறது. நம் பிள்ளைகளின் கல்வியும் ஒருநாள் தேர்வுத்தாளுக்கு வெளியேதான் சோதிக்கப்படும். சிந்திப்போம்!