அரசு வழக்குரைஞர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

மதுரை வண்டியூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மேலூர் சாலையில் உலகனேரியில் அமைந்துள்ளது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலை 24-இல் அது தொடங்கப்பட்ட பிறகு, கன்னியாகுமரி விவசாயி தனது வழக்குக்காக ஏறத்தாழ 700 கி.மீ. பயணம் செய்து சென்னைக்குச் செல்ல வேண்டிய நிலை மாறியது. தூரம் குறைந்தது, காத்திருப்பு குறைந்துவிட்டதாகக் கூற முடியாது.

நில எடுப்பு, கண்மாய் ஆக்கிரமிப்பு, ஓய்வூதியம், பணி நியமனம் என வழக்கு எதுவாயினும் எதிர்த்தரப்பில் பெரும்பாலும் நிற்பது அரசுதான். அரசின் சார்பில் எழுந்து நிற்பவர் மேலும் அவகாசம் கேட்கப் போகிறாரா, மனுதாரரின் கோரிக்கையில் நியாயம் உண்டென்று ஒப்புக்கொள்ளப் போகிறாரா என்பதில் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. எனவே, அரசு வழக்குரைஞர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்கிற கேள்வி சட்ட வல்லுநர்களுக்கு மட்டும் உரியதன்று.

அரசமைப்புச் சட்டம் இதற்கான விடையைக் குறிப்பாக உணர்த்துகிறது. 165-ஆவது பிரிவின்படி, உயர்நீதிமன்ற நீதிபதியாவதற்குத் தகுதியுள்ள ஒருவரே மாநில அரசின் தலைமை வழக்குரைஞராக முடியும். சட்டப்பேரவையில் அவர் பேசலாம்; வாக்களிக்க முடியாது. தனிநபர் ஒருவர் உயர்நீதிமன்றத்தில் குற்றவியல் அவமதிப்பு வழக்கு தொடர அவரது இசைவு தேவை. பொது அறக்கட்டளைகளின் நலன் காக்க வழக்குத் தொடரவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆளும் கட்சியின் வழக்குரைஞருக்குத் தரக்கூடிய பொறுப்புகள் அல்ல இவை.

சென்னை மாகாணத்தில் அந்தப் பதவிக்குப் பெருமை சேர்த்தவர்களில் முதன்மையானவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். 1929 முதல் 1944 வரை தலைமை வழக்குரைஞராக இருந்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் நீதிக் கட்சி ஆண்டது. ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆண்டது. பின்னர் ஆளுநரின் நேரடி ஆட்சியும் நடந்தது. ஆட்சிகள் மாறின, தலைமை வழக்குரைஞர் மாறவில்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

ஆனால், பல ஆட்சிகளில் நீடிப்பது மட்டுமே பெருமை ஆகிவிடாது. பாகிஸ்தானின் சையத் ஷரீஃபுதீன் பீர்சாதாவும் பல ஆட்சிகளில் நீடித்தவர்தான். இன்றைய மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரில் 1923-இல் பிறந்த அவர், இளமையில் ஜின்னாவின் செயலராகப் பணியாற்றியவர். அயூப் கான், ஜியா உல் ஹக் ஆகியோர் காலத்தில் அட்டர்னி ஜெனரலாகவும், முஷாரஃபுக்குச் சட்ட ஆலோசகராகவும் இருந்தார். அவரது சட்டப் புலமையை எவரும் மறுத்ததில்லை. ஆனால், அந்தப் புலமை ராணுவ ஆட்சிகளுக்குச் சட்டப் போர்வை நெய்யவே பெரிதும் பயன்பட்டது. நாட்டின் நலனுக்குத் தவிர்க்க முடியாதது எனில் சட்ட மீறலும் செல்லும் என்ற கோட்பாட்டை 1977-லும் 2000-லும் பாகிஸ்தான் உச்சநீதிமன்றம் ஏற்று, ராணுவ ஆட்சிகளை அங்கீகரித்தது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைத் தமிழகம் 1950-51-இல் கண்டது. கல்லூரிச் சேர்க்கைக்கான வகுப்புவாரி அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில், முன்னாள் தலைமை வழக்குரைஞரான அல்லாடியே உயர்நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக வாதாடினார். உச்சநீதிமன்றத்தில் மாநில அரசுக்காகத் தலைமை வழக்குரைஞர் வி.கே.திருவேங்கடாச்சாரி வாதாடினார். 1951 ஏப்ரல் 9-இல் அரசு தோற்றது. தீர்ப்பைத் தந்திரத்தால் கடக்க எவரும் முயலவில்லை. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து நாடாளுமன்றம் விவாதித்து, அதே ஆண்டு ஜூன் மாதம் முதலாவது திருத்தத்தின் மூலம் 15(4) பிரிவைச் சேர்த்தது. சமூகநீதிக்கான வழி சட்டத்துக்கு உள்ளேயே கண்டறியப்பட்டது.

நமது வரலாறும் களங்கமற்றது என்று கூறிவிட முடியாது. நெருக்கடிநிலைக் காலத்தில் ஆட்கொணர்வு மனு வழக்கில், காவலர் ஒருவர் பகைமையால் ஒருவரைக் கொன்றால்கூடத் தீர்வு இல்லையா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டபோது, நெருக்கடிநிலை நீடிக்கும்வரை இல்லை என்ற பொருளில் பதிலளித்தவர் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. 1976-இல் பெரும்பான்மை நீதிபதிகள் அரசின் வாதத்தை ஏற்றனர்; கன்னா மட்டும் மறுத்தார். அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் வெளிப்படையாக நிராகரிக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டவுடன் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியைத் துறந்த ஃபாலி நாரிமனை நாடு இன்றும் நினைவுகூர்கிறது. அரசு வழக்குரைஞருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்பதற்கு அவரே சான்று.

நாரிமன்கள் அரிதாகவே பிறப்பார்கள். தனிமனிதரின் துணிவை மட்டும் நம்பி ஓர் அமைப்பு இயங்க முடியாது. இன்று மாநிலங்களில் ஆட்சி மாறினால் தலைமை வழக்குரைஞர் தொடங்கி அரசுத் தரப்பு வழக்குரைஞர்கள் பலரும் மாறுகிறார்கள். தலைமை வழக்குரைஞரை அரசே தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆனால், அவருக்குக் கீழுள்ள பணியிடங்களும் கட்சிப் பணிக்கான பரிசாகும்போது, கோப்பை அறிந்தவர் போய்விடுகிறார். வழக்கு வாய்தாவில் நிற்கிறது. வழக்காடுபவர் மீண்டும் பேருந்து ஏறுகிறார்.

அரசு வழக்குரைஞர்களின் நியமனம் நியாயமாகவும் பாரபட்சமின்றியும் அமைய வேண்டும் என்று பஞ்சாப், ஹரியாணா தொடர்பான வழக்கில் 2016-இல் உச்சநீதிமன்றம் கூறியது. அந்த வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் எழுத்தளவில் அன்றி உண்மையாகவே பின்பற்ற வேண்டும். தகுதி வரையறைகளும் தேர்வானோர் பட்டியலும் வெளியிடப்பட வேண்டும். ஆட்சி மாற்றத்தால் பாதிக்கப்படாத குறிப்பிட்ட பதவிக்காலம் தேவை. வெல்ல இயலாத மேல்முறையீட்டைக் கைவிடுமாறு அரசு வழக்குரைஞர் எழுத்துப்பூர்வமாகக் கருத்துரைத்தால், அதைப் புறக்கணிக்கும் அதிகாரி காரணத்தைக் கோப்பில் பதிவு செய்ய வேண்டும்.

அரசன் கேளாதவனாயினும் உறுதியானதை எடுத்துரைப்பது உடனிருப்போரின் கடமை என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அரசு வழக்குரைஞருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் இல்லை. அவர் அணியும் கறுப்பு அங்கிக்குரிய ஊதியம் மக்களின் வரிப்பணத்திலிருந்து செல்கிறது. உலகனேரியில் அவருக்கு எதிரே கைகட்டி நிற்கும் மனுதாரரும் அந்த மக்களில் ஒருவரே.