சொல் எங்கே முடிகிறது?

ஏட்டிலே சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி கண்டு பழகிய நாம், பேச்சிலும் அவ்வாறே வெளி உண்டென எண்ணிவிடுகிறோம். சிங்களம் அறியாத ஒருவர் பதுளை பஸ் நிலையத்தில் சற்று நேரம் செவிகொடுத்து நிற்பாராயின், இந்த எண்ணம் கலைந்துவிடும். அவர் கேட்பது சொற்களையல்ல. இடையறாது ஓடும் ஒலியைத்தான். “இவர்கள் வெகு வேகமாகப் பேசுகிறார்கள்” என்று அவர் குறைபடுவார். தமிழறியாத சிங்கள நண்பர் நம்மைப் பற்றிச் சொல்வதும் அதுவே!

உண்மையில் வேகம் காரணமன்று. எம்மொழியினரும் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசுவதில்லை. அப்படியாயின், லயத்துத் தொட்டிலில் கிடக்கும் சிசு சொற்களைப் பிரித்தறிவது எங்ஙனம்?

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் சர்வகலாசாலையின் ஜெனி சஃப்ரன், ரிச்சர்ட் அஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகிய மூவரும் 1996ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்தனர். ‘கோலாடு’, ‘டாரோபி’ என்பன போன்ற பொருளற்ற நான்கு சொற்களை மாற்றி மாற்றிக் கோத்து, ஏற்ற இறக்கமோ நிறுத்தமோ இல்லாத யந்திரக் குரலில் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒலிக்கச் செய்தனர். இரண்டே நிமிடங்கள்! அதில் ‘கோ’வை அடுத்து எப்போதும் ‘லா’, அதனை அடுத்து எப்போதும் ‘டு’. ஆனால் ‘டு’வுக்குப் பின் மற்றைய மூன்று சொற்களுள் எதுவும் வரலாம். பின்னர், ஒரு சொல்லின் வாலையும் மறுசொல்லின் தலையையும் ஒட்டிய ‘டுடாரோ’வைக் கேட்பித்தபோது, குழந்தைகள் அதனைப் புதியதாகக் கருதி நெடுநேரம் செவிகொடுத்தன. எந்த அசையின்பின் எது வருமென அவை தம்மையறியாமலே கணக்கிட்டிருந்தன.

பஸ் நிலையத்து நண்பருக்கும் இக்கணக்கு கைகூடும். ‘யனவா’, ‘எனவா’, ‘கனவா’ எனப் பலமுறை கேட்டபின், ‘னவா’ வந்தால் வினை முடிந்ததென அவர் செவி உணரத் தொடங்கும்.

தமிழில் இன்னொரு துணையும் உண்டு. மொழிக்கு முதலில் வரும் எழுத்துக்களையும் இறுதியில் வரும் எழுத்துக்களையும் தொல்காப்பியர் மொழிமரபில் வகுத்து வைத்தார். ‘ழ’கரமோ ‘ண’கரமோ ஒரு சொல்லைத் தொடங்குவதில்லை. ஆகவே அவ்வொலி கேட்டால் புதுச்சொல் அங்கே தொடங்கவில்லை என்பது தெளிவு. கேட்டுப் பழகிய செவி, இலக்கணம் படியாமலே இதனை அறியும்.

அசைக்கணக்கு மட்டுமே போதுமென்று கொள்ளலாகாது. அழுத்தமும் இராகமும் பேசுவோர் முகமும் குழந்தைக்கு உதவுகின்றன. ஆனால் கணக்கிடுவதற்குப் பேச்சு வேண்டுமல்லவா? தாய் கொழுந்தெடுக்கச் சென்றபின், பிள்ளைக்காம்பராவிலே அதனை அளிக்க வேண்டியவர் ஆயாவே. மறுமொழி சொல்லாத பிள்ளையிடம் என்ன பேச்சு என்று வாளாவிருத்தல் தகாது. “பால் குடிக்கிறாயா?”, “பால் சுடுகிறதா?”, “இன்னும் பால் வேண்டுமா?” என்று கேட்டுக்கொண்டே ஊட்டினால், ‘பால்’ என்பது பிள்ளையின் செவியில் தானே பிரிந்து நிற்கும்.