'இல்லை' என்று சொன்ன விஞ்ஞானிகள்

மழை கொட்டி ஊர் வெள்ளக்காடானால் காரணம் பருவநிலை மாற்றம். மழை பொய்த்துக் கிணறு வற்றினாலும் காரணம் அதுவே. மாமரம் பூக்காவிட்டாலும், இரவில் புழுக்கத்தால் உறக்கம் வராவிட்டாலும் பெரியவர்கள் அந்த ஒரு பெயரைத்தான் சொல்லுகிறார்கள். நமது பேச்சுப் போட்டிகளிலும் இதே கதைதான். தலைப்பு எதுவாயினும் இறுதியில் அங்கே வந்து கைதட்டல் வாங்கிவிடலாம்!

உலகம் வெப்பமடைவது பொய் என்று நான் கூற வரவில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் பூமியைச் சூடாக்கிவிட்டான் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் ஒருவன் திருடன் என்பதாலேயே ஊரில் நடந்த எல்லாத் திருட்டும் அவன் செய்தவை ஆகிவிடுமா? தனித்தனியே விசாரிக்க வேண்டாமா?

அப்படி விசாரிப்பதையே பணியாகக் கொண்ட ஒரு குழு இருக்கிறது. அதன் பெயர் 'வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன்'. ஒரு வெள்ளமோ வறட்சியோ அனற்காற்றோ வந்தால், அதில் புவி வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்று ஆராய்ந்து சொல்வது இதன் வேலை. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரடரிக் ஓட்டோ என்ற பெண் விஞ்ஞானியும், நெதர்லாந்து வானிலை நிறுவனத்தின் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க் என்பவரும் இதைத் தொடங்கினார்கள். வான் ஓல்டன்போர்க் 2021ஆம் ஆண்டு காலமானார். ஓட்டோ அம்மையார் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து பணியைத் தொடர்கிறார்.

அவர்கள் விசாரிக்கும் முறை நம் தாய விளையாட்டைப் போன்றது. யாரோ தாயக்கட்டையின் ஒரு பக்கத்தில் ஈயம் வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை தாயம் விழுந்ததும் 'இது ஈயத்தின் வேலை' என்று கூறிவிட முடியாது. நல்ல கட்டையில் எத்தனை முறைக்கு ஒருமுறை தாயம் விழும், இந்தக் கட்டையில் எத்தனை முறைக்கு ஒருமுறை விழுகிறது என்று ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். அவ்வாறே இவர்கள் பழைய மழைக் கணக்குகளையும் வெப்பக் கணக்குகளையும் எடுத்துக்கொண்டு, இன்றைய உலகையும், மனிதன் சூடாக்கியிராத உலகையும் கம்ப்யூட்டர் கணக்கில் ஒப்பிடுகிறார்கள். ஒரே கணக்கை நம்புவதில்லை. பல கணக்குகள் ஒத்துப்போக வேண்டும்.

பல வழக்குகளில் தீர்ப்பு 'ஆம்' என்றே வந்திருக்கிறது. 2021 ஜூனில் கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. மறுநாளே அவ்வூர் தீக்கிரையாயிற்று. மனிதன் செய்த வெப்பம் இன்றி இப்படி ஓர் அனல் வருவது ஏறக்குறைய இயலாத காரியம் என்று பத்து நாட்களுக்குள் குழு அறிவித்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனரே, அந்த மழையைப் புவி வெப்பம் சுமார் 10 விழுக்காடு கனமாக்கியது என்றார்கள்.

ஆனால் என் மதிப்பை முழுமையாகப் பெற்றவை இவர்கள் 'இல்லை' என்று சொன்ன வழக்குகளே.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரை புரண்டு சென்னை மூழ்கிய கதையைப் பெற்றோர்கள் அறிவார்கள். பருவநிலை மாற்றமே காரணம் என்று அன்று பலரும் பேசினார்கள். வான் ஓல்டன்போர்க்கும் ஓட்டோவும், டில்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ணா அச்சுதராவ் உள்ளிட்டோரும் ஆராய்ந்தார்கள். அந்த மழையில் புவி வெப்பத்தின் கைவரிசை தென்படவில்லை என்பது அவர்களின் முடிவு!

அடுத்தது மடகாஸ்கர். அத்தீவின் தென்பகுதியில் 2019 முதல் இரண்டு ஆண்டுகள் மழை குன்றிப் பஞ்சம் வந்தது. பருவநிலை மாற்றத்தால் விளைந்த முதற் பஞ்சம் இதுவே என்று ஐ.நா. உணவுத் திட்டமே கூறியது. உலகமே இரங்கிய அந்த வேளையில், 2021 டிசம்பரில் இக்குழு, மழைக் குறைவு பெரும்பாலும் இயற்கையின் ஏற்றத்தாழ்வே, அதைப் பஞ்சமாக்கியது வறுமையும் வானத்தை மட்டும் நம்பிய வேளாண்மையுமே என்று கூறியது. அப்படிக் கூற எத்தனை துணிவு வேண்டும்! எதிரிகளிடம் உண்மை பேசுவது எளிது. நம் கட்சிக்காரர்களிடம் பேசுவதுதான் கடினம்.

இது எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்கு வசதியாகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எதற்கெடுத்தாலும் 'ஆம்' என்று தலையாட்டும் சாட்சியை எந்த நீதிபதி நம்புவார்? 'இல்லை' சொல்லத் தெரிந்தவர்கள் என்பதால்தான் லிட்டனைப் பற்றிய 'ஆம்' எனக்கு அச்சமூட்டுகிறது. பத்துக் கட்டளைகளில் எட்டாவது பொய்ச்சான்றைத் தடுக்கிறது. நல்ல நோக்கத்துக்காகச் சொல்லலாம் என்று அதில் விதிவிலக்கு ஏதுமில்லை.

வேறொரு குறையும் கூறுவர்: பிற அறிஞர்கள் சரிபார்த்து ஏட்டில் அச்சேறும் முன்பே அறிவித்துவிடுகிறார்கள் என்பது. இது ஓரளவு நியாயமே. ஆனால் முறை முன்பே சரிபார்க்கப்பட்டது. மேலும், ஆறு மாதம் கழித்து வரும் விடையை யார் படிப்பார்கள்? அதற்குள் வதந்தி ஊரைச் சுற்றி வந்திருக்கும்.

சென்னை பற்றிய 'இல்லை' என்றைக்குமான 'இல்லை' அன்று. புகையும் தூசும் வெயிலை மறைத்து, வெப்பத்தின் விளைவை இதுவரை அடக்கி வைத்திருக்கக்கூடும் என்று அதே ஆய்வு கூறுகிறது. காற்று தூய்மையாகும் நாளில் கணக்கு மாறலாம். ஆனால் 2015இன் பழியை வானத்தின் மீது போட முடியாதெனில் மண்ணின் மீதுதானே பார்க்க வேண்டும்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியது, ஏரிகள் மனைகளானது, கால்வாய்கள் குப்பையால் அடைந்தது எல்லாம் மனிதர் செய்தவை. அவற்றுக்கு ஆண்டும் உண்டு, கையெழுத்தும் உண்டு. பருவநிலை என்று சொல்லிவிட்டால் அந்தக் கையெழுத்துக்காரர்கள் தப்பிவிடுகிறார்கள்.

எனவே தமிழாசிரியை அவர்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டுக் கட்டுரைப் போட்டிக்குப் 'பருவநிலை மாற்றம்' என்று மறுபடியும் தலைப்புத் தர வேண்டாம். நம் ஊர்ப் பெரிய ஏரி பழைய வரைபடத்தில் எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு இருக்கிறது, குறைந்த பகுதியில் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பரிசு கிடைக்காவிட்டாலும் நான் முதலில் பெயர் கொடுக்கிறேன்.