குயிலுக்கு எதிராக ஒரு கையெழுத்து

போன ஐப்பசியில் ஒருநாள். ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவி முடித்து பெண்டில் ஹில் ஸ்டேசனில் இறங்க இரவு பன்னிரண்டரை. வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் குயில். கொஞ்சநேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

அடுத்தநாள் தமிழ்க் கடையில் எங்கட ஆள் ஒருத்தர்: “இந்தச் சனியனால நித்திரையே இல்லை. கவுன்சிலுக்குப் பெட்டிசன் போடப்போறம். நீரும் ஒரு கையெழுத்து வையும்.”

இதே அண்ணைதான் கலைவிழா மேடையில், ஊர்க்குயில் கூவாத இந்த நாட்டில் தன் காலைகள் செத்துப்போனதென்று கவிதை வாசித்தவர். கவிதையில் கூவியது பெண்குயில். அண்ணை, உரக்கக் கூவுவது கறுத்த ஆண்குயில். புள்ளி விழுந்த பெட்டை ‘கிக் கிக்’ என்றுதான் கத்தும். யாழ் வளாகத்தில் என்ர விலங்கியல் படிப்பு 2006இல் பாதை பூட்டினதோடு நின்றுபோச்சு. ஆனாலும் இவ்வளவு தெரியும்.

சிட்னிக் குயில் ஊர்க்குயிலின் நெருங்கிய சொந்தம். முந்தி இரண்டையும் ஒரே இனமாகவே கணக்கெடுத்தார்கள். செப்டெம்பர், ஒக்டோபரில் நியூகினி, இந்தோனேசியாப் பக்கமிருந்து கடல் தாண்டி வரும். இணை தேடி இராப்பகலாய்க் கூவும். பிறகு தானாக அடங்கும். கோடை முடியத் திரும்பிப் போய்விடும்.

“அடுத்தவன் கூட்டில முட்டை இடுற கள்ளப் பறவை” என்றார். ஊரில் காகத்தின் கூட்டில் இட்டபோது அது கெட்டித்தனம். இங்கே வேறு பறவையின் கூட்டில் இட்டால் களவா?

எனக்குக் கோபம் குயிலுக்காக மட்டுமில்லை. படகில வந்த ஆக்களால எங்கட பெயர் கெடுது என்று சொல்லுறதும் இதே வாய்தான். ஊரில் இருக்கிற அகதிக்குக் கவிதை, கண்ணீர், காசு. அதே அகதி பக்கத்து வீட்டுக்கு வந்தால் பெட்டிசன்.

நானும் இந்தோனேசியாப் பக்கத்தால் 2012இல் வந்தவன்தான். 2023 பெப்ரவரியில் தற்காலிக விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வழி திறந்தது. என்னைப்போல் நிராகரிக்கப்பட்டவர்களுக்குத் திறக்கவில்லை. வருசத்தில் பாதி வெளியில் இருக்கிற குயிலை நியூ சவுத் வேல்ஸ் சட்டம் உள்நாட்டுப் பறவை என்று பாதுகாக்கிறது. பத்து வருசத்துக்கு மேலாக இங்கேயே கோப்பை கழுவுகிற நான் இன்னும் பிரிட்ஜிங் விசாவில்.

குயில்மேல் எனக்குப் பொறாமை இல்லை. கையெழுத்தும் வைக்கவில்லை. அண்ணைக்கு ஒன்று மட்டும் சொன்னேன்: “யன்னலைப் பூட்டிப்போட்டுப் படுங்கோ. அடுத்த விழாவில அந்தக் கவிதையை மட்டும் வாசியாதேங்கோ.”