தழுவல் என்பது தாழ்வோ?

மூலத்தை நோக்கத் தழுவல் தாழ்ந்ததே என்பது நம் திரைப்பட விமர்சகர் பலரின் முடிந்த முடிபு. துப்பறியும் கதையாயின், மர்மம் முன்னரே வெளிப்பட்டமையால் அதனை மீண்டும் படமாக்குவதிற் பயனில்லை என்றும் அவர் கூறுவர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

1958இல் மைக்கேல் அன்டர்சன் இயக்கிய 'சேஸ் எ குரூக்கட் ஷடோ' என்னும் ஆங்கிலப் படத்தின் கதை, வங்காளத்துச் 'சேஷ் அங்கா' (1963) வழியாக, 1964இல் தாதா மிராசியின் 'புதிய பறவை' ஆயிற்று. ஆங்கிலப் படத்திலே, இறந்த தமையன் தானே எனப் பொய்கூறி வரும் காவலன், நாயகியின் வாயாலேயே கொலைக்குற்றத்தை வெளிப்படுத்துகிறான். அத்துடன் கதையின் வேலை முடிந்தது. தமிழ்ப்படத்திலோ, இறந்த மனைவியின் உருவில் ஒருத்தி வருகிறாள். வலைவிரித்தவள் காதலியாகிய லதா. கோபால் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரே அவளது துயரம் தொடங்குகிறது. கடமைக்காகத் தொடங்கிய காதல் நடிப்பு மெய்க்காதலாய் முடிந்திருக்கிறது. சட்டத்தின் கையில் ஒப்படைத்தவனையே அவள் நேசிக்கிறாள்.

பாடல்கள் மர்மத்தைக் குலைத்தன என்பாருமுளர். நிம்மதி தேடிக் கோபால் பாடும் காட்சியை, முடிவறிந்த பின் அவர்கள் மீண்டும் பார்க்கட்டும். முதன்முறை அப்பாவியின் புலம்பலாய்க் கேட்டது, மறுமுறை குற்றவாளியின் மனச்சாட்சியாய் ஒலிக்கும்.

மட்டக்களப்புக் கூத்துக் களரியில் அபிமன்யு மடிவான் என்பதை அறியாதார் யார்? அறிந்தும் விடியும்வரை விழித்திருக்கிறோம். முடிவு தெரிந்த பின்னும் நம்மை இருத்திவைப்பதே கலை. அவ்வளவுகோல் கொண்டே மூலத்தையும் தழுவலையும் அளத்தல் வேண்டும்.