பெயர் மாற்றியும் போகாத படகு

டோக்கியோவில் யுமெனோஷிமா என்றொரு இடம். 'கனவுத் தீவு' என்று அர்த்தம். பெயர்தான் முதலில் வந்தது. மாநகரத்துக் குப்பை 1957-இல் வந்து சேர்ந்தது. அங்கே ஒரு கூரையின் கீழ், சுமார் 30 மீட்டர் நீளத்தில் ஒரு மரப்படகு நிற்கிறது. தாய்கோ ஃபுகுரியூ மாரு, அதாவது ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன். இப்படியொரு படகுக்கு இப்படியொரு பெயர்!

1947-இல், போரில் தோற்ற நாடு பசியோடு இருந்த காலத்தில், சூரை மீன் பிடிக்கக் கட்டியது. பிறகு தூரக்கடலுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 1954 மார்ச் 1, விடியும் முன், பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. 6 மெகா டன் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வந்தது 15. படகு அங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி, அறிவித்த ஆபத்து எல்லைக்கு வெளியேதான் இருந்தது. மேற்கே வெளிச்சம் எழுந்ததைப் பார்த்தவர்கள், கடலில் விட்டிருந்த தூண்டில் கயிற்றை அறுத்துவிட்டு ஓடியிருக்கலாம். மீனவன் கயிற்றை அறுப்பானா? மணிக்கணக்கில் இழுத்தார்கள். பொடிந்த பவளம் வெள்ளைச் சாம்பலாகக் கொட்டியது. தலையில், கழுத்தில், காதில். தளத்தில் நடந்தால் கால்தடம் பதிந்தது. இன்னதென்று தெரியாமல் ஒருவர் நக்கியும் பார்த்தார்.

படகில் இருந்த 23 பேரில் வானொலி இயக்குநர் குபொயாமா ஐகிச்சி செப்டம்பர் 23-இல் இறந்தார். வயது 40. அணுகுண்டுக்கு எதிராக ஜப்பானில் 3 கோடிக்கும் மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. சோதனைகளை நிறுத்தி வையுங்கள் என்று அந்த ஏப்ரலிலேயே நம் மக்களவையில் நேரு கேட்டார்.

அரசுகளின் அவசரம் வேறு. 800-க்கும் மேற்பட்ட படகுகளின் மீனில் கதிரியக்கம் தெரிந்திருந்தும், டிசம்பர் முடிவோடு மீன் சோதனை நின்றது. ஜனவரியில், பொறுப்பு என்ற சொல்லைத் தொடாமல், அமெரிக்கா 20 லட்சம் டாலர் கொடுத்தது. கணக்கு முடிந்தது. படகை ஜப்பான் அரசே வாங்கி, பழுது பார்த்து, 'ஹயபுசா மாரு' என்று பெயர் மாற்றி, மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிப் படகாக்கியது. பெயர் போனால் கதையும் போய்விடும் என்ற கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1967-இல் காயலான் கடைக்காரர் கைக்குப் போனது. விலை போகிற எந்திரத்தைக் கழற்றிக்கொண்டு, மரக்கூட்டைக் குப்பைத் தீவோரம் விட்டுவிட்டார்கள். மறு ஆண்டு ஓர் இளைஞர் அசாஹி நாளிதழுக்கு எழுதிய கடிதம்தான் ஊரை எழுப்பியது. 1976-இல் காட்சியகம் திறந்தது. பாதுகாத்த பெருமையை யாருக்குக் கொடுப்பது என்று பேசும்போது, இந்த வரிசையை மறக்கக் கூடாது.

எந்திரம் வேறொரு படகுக்குப் போனது. அந்தப் படகு 1968-இல் மூழ்கியது. 28 ஆண்டு உப்புநீரில் கிடந்ததை 1996-இல் தூக்கி, துருவேறிய உருவத்தோடு கொண்டுவந்து காட்சியகத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். சில அடி தள்ளி, சுவருக்கு உள்ளே, அது ஓட்டிய படகு.