பிறேக்கைப் பார்ப்பவர் யார்?

யாழ்ப்பாணத்து வீதிகளிலே ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்களும் மொறிஸ் மைனர் கார்களும் இன்றும் ஓடுவதைக் காணும் வெளியூரார் வியப்படைகின்றனர். மொறிஸ் மைனர் இங்கிலாந்திலே 1948ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த வண்டி. அதன் உற்பத்தி நின்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் எமது கராச்சுகளில் அதன் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய கைகள் இன்னமும் உள்ளன.

மோட்டார் வண்டிக்கும் எமது மக்களுக்குமுள்ள தொடர்பு வெறும் சௌகரியத் தொடர்பன்று. இலக்கத் தகட்டிலே சிங்கள ஸ்ரீ எழுத்து 1957இல் புகுத்தப்பட்டதும், அதை மாற்றித் தமிழெழுத்தைப் பொறித்தோர் 1958இல் சிறை சென்றதும் வரலாறு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோலும் பற்றறியும் வடக்கே வராது தடுக்கப்பட்டன. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டி, நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றவை இந்தப் பழைய வண்டிகளே. காரைச் செல்வர் வீட்டு அலங்காரப் பொருளெனக் கருதுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

அக்கருத்து அரசாங்கத்தாரிடமும் இல்லாமலில்லை. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் எனப் பங்கீடு செய்யப்பட்டது. 2025 பெப்ரவரியிலே கார் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, சுங்கவரி, அதன்மேல் மேலதிக வரி, எஞ்சினின் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தி வரி, இவையனைத்தின்மேலும் 18 வீதம் பெறுமதி சேர் வரி என அடுக்கடுக்காக விதிக்கப்பட்டன. அந்நியச் செலாவணியைக் காக்க வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதன் பயன் யாது? ஆசிரியரும் வைத்தியரும் கமக்காரரும் புது வண்டியை எண்ணிப் பார்க்கவும் இயலாதவராயினர். பத்தாண்டு ஓடிய வண்டி இருபதாண்டு ஓட வேண்டியதாயிற்று.

ஓடட்டும். பழைய வண்டி ஓடுவது குற்றமன்று. பார்க்கப்படாத வண்டி ஓடுவதே குற்றம். இங்கேதான் நாம் அரசாங்கத்தையும் எம்மவரையும் ஒருங்கே வினவ விரும்புகிறோம்.

பெற்றோல், டீசல் கார் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் புகைச் சோதனைச் சான்றிதழையும் காப்புறுதிப் பத்திரத்தையும் காட்டி வருமான அனுமதிப்பத்திரம் பெறுகிறார். புகை சோதிக்கப்படுகிறது, நல்லது. பிறேக் சோதிக்கப்படுகிறதா? லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். குடும்பத்தோடு கண்டி வீதியில் விரையும் தனியார் காருக்கு அது வேண்டாமாம்! புகை மெல்லக் கொல்லும். பிடிக்காத பிறேக் ஒரு கணத்திற் கொல்லும். முன்னதற்குச் சட்டமும் பின்னதற்கு விதியின் பாரமும் என்பது என்ன நியாயம்?

எம்மவர் செய்வதுதான் என்ன? கார் வைத்திருப்போரிடம் பேச்சுக் கொடுத்தால், பின்புறம் காட்டும் கமெரா, தொடுதிரை, பளபளக்கும் சில்லு ஆகியவற்றைப் பற்றிப் பெருமையாகக் கூறுவர். பிறேக் எண்ணெய் எப்போது மாற்றினீர் என்றால் விழிப்பர். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை குறைகிறது. யாழ்ப்பாணம் மேடு பள்ளமற்ற பூமியாதலால் இக்குறை இங்கே புலப்படாது. பள்ளி விடுமுறைக்கு நுவரெலியா சென்று றம்பொடை இறக்கத்தில் ஓயாது பிறேக்கை மிதிக்கும்போது எண்ணெய் கொதித்து ஆவியாகுமாயின், மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நில்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றும் செலவு கமெராவின் விலைக்கு அருகேயும் வராது.

ரயரும் அவ்வாறே. அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. பூ அழியாதிருப்பினும் எமது வெயிலிலே இறப்பர் வெடிக்கும் என்பதை அறியாதோர் பலர். கலப்பு மின் கார் வைத்திருப்போரோ, பின் ஆசனத்தருகேயுள்ள பற்றறிக் காற்றுவழியில் எமது செம்மண் தூசி அடைவதைப் பாராது, பற்றறி பழுதானபின் உற்பத்தியாளரை வைகின்றனர்.

இவற்றினும் வெட்கக்கேடானது ஒன்றுண்டு. முன் ஆசனத்தில் இருப்போர் பட்டி அணிவது 2011 முதல் சட்டமாயிருக்க, எச்சரிக்கை மணியை அடக்குவதற்கென்றே போலிக் கொளுக்கி வாங்கி மாட்டுவோர் கற்றவரிடையேயும் உளர். காற்றுப்பை உண்டே என்பர். காற்றுப்பை ஆசனப்பட்டிக்குத் துணையாக அமைக்கப்பட்டது. பட்டியணியாது முன்னே பாய்பவரை விரியும் பையே காயப்படுத்தவும் கூடும்.

கமக்கார நண்பர்க்கும் ஒரு சொல். பின்விளக்கின்றி இரவிலே நெல் மூட்டையுடன் செல்லும் லாண்ட்மாஸ்டர் பெட்டியைப் பின்னால் வரும் சாரதி காண்பது மிகவும் கிட்டிய பின்னரே. ஒளி தெறிக்கும் பட்டி இரண்டு முழம் ஒட்டினால் இரு குடும்பங்கள் பிழைக்கும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பன மூன்று. முதலாவது, அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது பிறேக், ரயர், விளக்கு, ஆசனப்பட்டி ஆகிய நான்கையும் குறைந்த கட்டணத்திற் சோதிக்கும் நிலையங்களை ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைத்தல். குறை கண்டால் தண்டம் விதியாது திருத்தத் தவணை கொடுத்து, அறிக்கையைத் தமிழிலே தருதல். இரண்டாவது, உயிர் காக்கும் உதிரிப் பாகங்களின் வரியைத் தளர்த்துதல். புது வண்டியை வாங்க விடாத அரசு பழையதைப் பாதுகாப்பாக வைத்திருக்கவாவது விடவேண்டும். மூன்றாவது, எமது கராச்சுத் தொழிலாளருக்குப் புதிய வண்டிகளின் மின்னியல் வேலையைத் தமிழிலே பயிற்றுவித்தல். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மதிநுட்பம் கணினியைக் கண்டு அஞ்சாது.

அரசாங்கம் செவிசாய்க்கும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. வாசகர்கள் இவ்வார இறுதியிலேயே தத்தம் வண்டியின் ரயரைக் குனிந்து பார்ப்பாராக. பிறேக் எண்ணெய் மாற்றிய திகதியைத் தேடுவாராக. போலிக் கொளுக்கியைக் கழற்றி எறிவாராக. முற்றுகைக் காலத்திலே உயிர்களைக் காத்த வாகனம் அமைதிக் காலத்திலே எமது அசட்டையால் உயிர் குடிக்குமாயின், அப்பழியை எவர்மீதும் நாம் சுமத்த இயலாது.